இருபத்தைந்தாவது சுற்று

போன மாதம் பெரம்பலூர் மைதானத்தில் நடந்த ஒரு பந்தயத்துக்கு என்னை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஓட்டக்காரிக்கு ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், தோளில் ஒரு துண்டு. பேசச் சொல்லாமல் விட்டார்களே, அந்தமட்டும் புண்ணியம்.

எனக்கு முன்னால் பெண்கள் தரையில் உட்கார்ந்து, ஷூ நாடாவில் சின்னதாக ஒரு சிப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டும்போது 'பீப்' என்று ஒரு சத்தம். உடனே திரையில் பெயர், எத்தனையாவது சுற்று, எவ்வளவு நேரம், எல்லாம் வந்துவிடுகிறது. யாரும் எண்ண வேண்டாம். நான் அந்தச் சிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டிமடத்திலிருந்து வந்திருந்த திவ்யா என்ற பெண் அதைக் கவனித்துவிட்டாள். அவளும் பத்தாயிரம் மீட்டர்தான் ஓடுகிறாள்.

"மேடம், நீங்க ஓடுனப்ப இது இல்லல்ல? இருபத்தஞ்சு ரவுண்டை எப்படி எண்ணுவீங்க?"

"ஆளு வச்சு எண்ணுவாங்கம்மா."

"அவங்க தப்பா எண்ணிட்டா?"

எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது, பணியிலிருந்து விருப்ப ஓய்வில் வந்தாயிற்று, இனி யாரும் என்னை ஒன்றும் செய்துவிட முடியாது. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பயந்தேன். "அதெல்லாம் தப்பா எண்ண மாட்டாங்க" என்று சிடுசிடுத்தேன். அந்தப் பெண் பேச்சை மாற்றினாள்.

"உங்க பெஸ்ட் டைமிங் என்ன மேடம்?"

"முப்பத்தாறு நிமிஷம், முப்பத்தொம்பது செகண்ட்."

எப்போதும் சொல்கிற பதில்தான். ஆனால் என் பெயரில் பதிவாகியிருக்கும் மிகச் சிறந்த நேரம் முப்பத்தாறு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அலுவலகப் படிவத்தில்கூட எழுதியதில்லை. அது திருட்டு நேரம் என்று ஏறக்குறைய முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் வரதராஜன்பேட்டைக்காரி. அப்பாவுக்கு முந்திரிக்காடு இருந்தது, எனக்குக் கீழே மூன்று தங்கைகள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓட ஆரம்பித்தவள், பள்ளிக்கூடத்துக்காகவே ஓட ஆரம்பித்தேன். அந்தப் பெயரால் திருச்சியில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. மூன்று வருடமும் காலை நாலரைக்கு எழுந்து ஓடினேன், வகுப்பில் தூங்கினேன், சாயங்காலம் மறுபடி ஓடினேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விடுதி அறையில் எனக்குத் துணை பர்வீன். லப்பைக்குடிக்காட்டுப் பெண். நான் முன்னால் ஓடுவேன், அவள் என் வலது தோளுக்குப் பின்னால் ஓடுவாள். கடைசி இரண்டு சுற்றில் பேய் பிடித்த மாதிரி வருவாள். மூன்று வருடத்தில் என்னைப் பாதி தடவை அவள் தோற்கடித்திருக்கிறாள், அவளைப் பாதி தடவை நான்.

எங்கள் இருவருக்கும் பயிற்சி கொடுத்தவர் நடேசன் சார். சொந்த ஊர் கீழப்பழுவூர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவிகளைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "அமலோற்பவம் அவர்களே, தயவு பண்ணி இங்க வர்றீங்களா" என்று சொன்னாரென்றால் அன்றைக்குத் தொலைந்தோம். நன்றாக ஓடினால் "ம்" என்பார். மோசமாக ஓடினாலும் "ம்"தான். இரண்டு 'ம்'முக்கும் என்ன வித்தியாசம் என்று நானும் பர்வீனும் இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வோம். தாளைத் திருப்பும்போதெல்லாம் விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். வருகைப் பதிவேடானாலும் சரி, செய்தித்தாளானாலும் சரி, எச்சில் இல்லாமல் அவர் எதையும் திருப்பியதில்லை. இந்தப் பழக்கம்தான் பின்னால் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

பத்தாயிரம் மீட்டரில் சுற்று எண்ணுவது அன்றைக்கு ஒரு தனி வேலை. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடுவார்கள். உடற்கல்வி படிக்கிற மாணவர்கள் ஆளுக்கு இரண்டு ஓட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்வார்கள். நாம் கோட்டைத் தாண்டும்போது ஒருவர் நேரத்தைச் சத்தமாகப் படிப்பார், மாணவன் நம் எண்ணுக்கு நேராக எழுதுவான். இன்னொருவர் பலகைக்குப் பக்கத்தில் நிற்பார். இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று காட்டும் அட்டைகள் அதில் நாட்காட்டி மாதிரி கோத்திருக்கும். முதலில் வருகிறவள் தாண்டத் தாண்ட ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். கடைசிச் சுற்றுக்கு மணி. எங்கள் மைதானத்தில் மணி என்பது கயிற்றில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு.

நான் பலகையைப் பார்க்க மாட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பலகைக்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். பழைய எண்ணை நம்பி ஓடி அவமானப்பட்டேன். அது ஒரு காரணம். இன்னொன்று, 'பாக்கி 18' என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் என் கால் அங்கேயே மடங்கிவிடும். அதனால் மோதிரத்தில் எண்ணினேன்.

கன்னியர் மடத்தில் இருந்த என் சித்தி கொடுத்த ஜெபமாலை மோதிரம் அது. வளையத்தைச் சுற்றிப் பத்து மணிகள் புடைத்திருக்கும், பதினோராவதாக ஒரு சிலுவை இருக்கும். ஒரு மணிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வது வழக்கம். நான் அதை வலது ஆள்காட்டி விரலில் போட்டுக்கொண்டு, ஒரு சுற்று முடிந்ததும் கட்டைவிரலால் ஒரு மணி தள்ளுவேன். சிலுவை தட்டுப்பட்டால் அதை எண்ணாமல் தாண்டிவிடுவேன். இரண்டு பத்து, பிறகு ஒரு ஐந்து. ஐந்தாவது மணியில் பந்தயம் முடியும். தேவமாதாவை வைத்து ரவுண்டு எண்ணுகிறாளே என்று அம்மா திட்டினாள். ஆனால் மூன்று வருடத்தில் அது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

படிப்பு முடிகிற வருடம் ஓர் அரசுத் துறை ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுத்தது. நீண்ட தூரத்துக்குப் பெண்களில் ஒரே ஒரு இடம். தேர்வுப் பந்தயம் பெரம்பலூரில். முதலில் வருகிறவளுக்கு வேலை. எனக்குப் பின்னால் மூன்று தங்கைகள். பர்வீனுக்கு வேறு விதம். அவளுடைய அத்தா வளைகுடாவிலிருந்து இரண்டு மாத விடுப்பில் வந்திருந்தார். "வேலை கெடைச்சா ஓடு, இல்லாட்டி நிக்காஹ்" என்று சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. மகள் ஓடுவதைப் பார்க்க அன்றைக்குக் குடையோடு வந்து வாசல் பக்கம் நின்றிருந்தார்.

ஆறரைக்குத் தொடங்க வேண்டிய பந்தயம், அதிகாரி வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஆட்கள் போதவில்லை என்று நடேசன் சாரைப் பலகைக்கு நிறுத்தினார்கள். வெயிலைப் பார்த்துப் பயந்து, கோட்டுக்கு முப்பதடி முன்னால் ஒரு பெஞ்சில் வாளி வைத்து, பழைய மெத்தைப் பஞ்சைத் துண்டு துண்டாக வெட்டி ஊறப் போட்டிருந்தார்கள்.

பதினான்கு பேர் கிளம்பினோம். எட்டாவது சுற்றுக்குள் நானும் பர்வீனும் தனியாகிவிட்டோம். நான் முன்னால், அவள் வலது தோளில். அவளுடைய மூச்சு என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம்தான் அன்றைக்கு என்னை ஓட்டியது. நின்றால் போச்சு, திரும்பினால் போச்சு, கடைசி இரண்டு சுற்று வரைக்கும் இவளைப் பக்கத்தில் வைத்திருந்தால் நான் செத்தேன் என்றே ஓடினேன். பாதி தாண்டிய பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது பர்வீன் பெஞ்சிலிருந்து ஒரு பஞ்சை எடுத்துத் தன் தலையில் பாதி பிழிந்துகொண்டு, "இந்தாடி" என்று மீதியை என்னிடம் நீட்டினாள். வாங்கிக் கழுத்தில் பிழிந்துகொண்டேன். தேர்வுப் பந்தயத்தில் எதிராளிக்குத் தண்ணீர் கொடுக்கிறவள் அவள். பின்னாளில் இதை நினைக்க நினைக்க என் நெஞ்சு எரியும்.

இருபது தாண்டியதும் நான் கொஞ்சம் விலகினேன். பத்து மீட்டர் இருக்கும். அடுத்த சுற்றுகளில் அது குறைய ஆரம்பித்தது. கோட்டைத் தாண்டினேன், மணியைத் தள்ளினேன். மூன்றாவது மணி. அதாவது இருபத்து மூன்று முடிந்திருக்கிறது, இன்னும் இரண்டு.

தண்டவாளத்தை அடித்தார்கள்.

கடைசிச் சுற்றுக்கு அடிக்கிற மணி!  ஒரு சுற்று முன்னாலேயே அடிக்கிறார்களே, கத்தலாமா, நிற்கலாமா? கால் நிற்கவில்லை. மணிக்கு ஓடிப் பழகிய கால், மணி அடித்ததும் ஓடியது. பர்வீன் வந்துகொண்டே இருந்தாள். கடைசி வளைவில் ஐந்து மீட்டர், கோட்டில் இரண்டு எட்டு தூரம். நான் முதல், அவள் இரண்டாவது. கட்டைவிரல் நான்காவது மணியில் நின்றது.

கீழே விழுந்து கிடந்த பர்வீன் தலையைத் தூக்கி, "நல்லா ஓடுனடி" என்றாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இன்னும் முப்பது மீட்டர் இருந்திருந்தால் அவள் என்னைத் தாண்டியிருப்பாள். முப்பது என்ன, இன்னும் நானூறு மீட்டர் ஓட வேண்டியிருந்ததே!

நேரத்தை அறிவித்தார்கள். முப்பத்தாறு பன்னிரண்டு. அதுவரை என் சிறந்த நேரம் முப்பத்தேழு நாற்பது. ஒரே நாளில் எண்பத்தெட்டு வினாடி குறைந்திருந்தது. நான் ஒரு சுற்று ஓடுவதற்கு ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பலகையைத் திரும்பிப் பார்த்தேன். சார் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு. அப்போதுதான் பொறி தட்டியது. எச்சில் ஈரத்தில் இரண்டு அட்டை சேர்ந்து திரும்பியிருக்கிறது. மேஜையில் இருந்த மாணவர்கள் பலகையைப் பார்த்துத் தங்கள் தாளைச் சரிசெய்திருப்பார்கள்.

முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். அதுதான் விதி. வேப்ப மரத்தடியில் ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. எழுதினால் பந்தயம் செல்லாது. திரும்ப ஓடச் சொல்வார்கள், அந்த வெயிலில் இன்னொரு தடவை பர்வீனை என்னால் ஜெயிக்க முடியாது. எழுதாவிட்டால் அவளுடைய வேலையைத் திருடியவள் ஆவேன். மைதானத்துக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் அவளுடைய அத்தா குடையை மடக்கிவிட்டு, மகளின் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபத்திரண்டு நிமிடத்தை நான் பார்த்ததில்லை.

சார் வந்தார்.

"என்ன எழுதுறீங்க அமலா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"ஒண்ணும் இல்லன்னா மடிச்சு உள்ள வைங்க. மொகமெல்லாம் வெளிறிக் கெடக்கு. போயி கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. வேற எதையும் யோசிக்காதீங்க."

வேற எதையும் யோசிக்காதீங்க! அப்படியென்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து மறைக்கிறார். இல்லை, எனக்காக வேண்டுமென்றே செய்திருக்கிறாரோ? பர்வீனின் கடைசிச் சுற்றுகளைப் பற்றி அவரைவிட யாருக்குத் தெரியும்? மேஜைக்குப் போனேன். மாணவன் தாளை நீட்டினான். என் எண்ணுக்கு நேராகக் கட்டம் கட்டமாக நேரம் எழுதியிருந்தது. அதை எண்ணிப் பார்த்திருக்கலாம், அரை நிமிட வேலை. பார்க்கவில்லை. இருபத்து நான்கு கட்டம்தான் இருக்கும் என்ற பயத்தில், தாளின் மேல் கண்ணை வைக்காமலே கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான்.

வேலை கிடைத்தது. காலையில் ஓட்டம், மதியம் அலுவலகத்தில் கோப்பு. துறைக்காக எந்தெந்த ஊரிலோ ஓடினேன். பதக்கங்கள் வாங்கினேன், சாலை ஓட்டங்களில் பரிசுகள் வாங்கினேன். தங்கைகளுக்குக் கல்யாணம் ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளே ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. எப்படியாவது இருபத்தைந்து சுற்றையும் முழுதாக ஓடி முப்பத்தாறு பன்னிரண்டைத் தொட்டுவிட வேண்டும். தொட்டுவிட்டால் அன்றைக்கு வாங்கியது கடன் என்று ஆகும், அடைத்துவிட்டேன் என்று இருந்துவிடலாம். பதினொரு வருடம் முயன்றேன். மண் தரை போய்ச் செயற்கைத் தரை வந்தது, நல்ல ஷூ வந்தது, மருத்துவர் வந்தார். மிக நன்றாக ஓடிய நாளில் முப்பத்தாறு முப்பத்தொன்பது. மற்றவர்கள் என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவ்வளவு வசதி வந்தும் இருபத்தேழு வினாடி குறைகிறது என்றால், அன்றைக்கு மண் தரையில், வெயிலில், கல்லூரிப் பெண்ணாக நான் அதை ஓடியிருக்கவே முடியாது. ஒவ்வொரு பந்தயமும் என்னைத் திருடி என்று சொல்லிவிட்டுப் போனது.

மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிப் பார்த்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். "உனக்கு உறுதியாத் தெரியுமாம்மா?" என்றார். "உறுதியாத் தெரியாது சாமி, ஆனா தெரியும்" என்றேன். "போயி அந்த சாரைக் கேளு. கேட்டுட்டு வந்து பாவம்னா சொல்லு" என்றார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் அவர்மேல் கோபம் வந்தது.

கீழப்பழுவூருக்கு ஒருமுறை போகவும் செய்தேன். சார் ஓய்வு பெற்றிருந்தார். வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அமலா" என்று நாற்காலி போட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். பேப்பரை மடிக்கும்போது அவர் விரல் நாக்குக்குப் போனது. நான் காபி டம்ளரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"ஏதோ கேக்கணும்னு வந்தாப்ல இருக்கு?"

"இல்ல சார். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு."

"ம்" என்றார்.

அடுத்த வருடம் சார் இறந்துபோனார். அந்த 'ம்' எந்த 'ம்' என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பர்வீனுக்குத் தேர்வு முடிந்து மூன்றாம் வாரம் நிக்காஹ். பத்திரிகையில் தன் கையால் 'வராட்டி மவளே தொலைச்சுருவேன்' என்று எழுதி அனுப்பியிருந்தாள். நான் போகவில்லை. வளைகுடாவிலிருந்து இரண்டு கடிதம் போட்டாள். பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு அவளும் விட்டுவிட்டாள். யாராவது அவள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? வேலை கிடைத்ததும் தலைக்கனம் என்றுதான்.

அவள் ஊரோடு வந்துவிட்டாள் என்று எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். திவ்யா கேட்ட கேள்விக்குப் பிறகு நான்கு நாள் தூக்கம் வரவில்லை. ஐந்தாம் நாள் லப்பைக்குடிக்காடு பஸ்ஸில் ஏறினேன். வழியில் இரண்டு நிறுத்தத்தில் இறங்கிவிடலாமா என்று பையைக் கையில் எடுத்தேன்.  போட்டிக்கு முன்னால்கூட எனக்கு இப்படி ஆனதில்லை.

கதவைத் திறந்தவள் தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள்.

"அல்லாஹ்! யாரு, அமலாவாடி? இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா? உள்ள வா, வெயில்ல நிக்காத."

டீ வந்தது. பிள்ளைகள், பேரன், சர்க்கரை வியாதி என்று அவள் பேசிக்கொண்டே போனாள். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பாதிப் பேச்சில் குறுக்கே விழுந்தேன்.

"பர்வீன், நான் ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிடுறேன், அப்புறம் நீ என்ன வேணா பண்ணு. அன்னிக்குப் பெரம்பலூர்ல நாம இருபத்தஞ்சு ஓடலை. இருபத்துநாலுதான். சார் அட்டையை ரெண்டாத் திருப்பிட்டாரு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் வாயைத் தொறக்கலை. இன்னொரு ரவுண்டு இருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப. அது உன் வேலை."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இருபத்துநாலுன்னு யாரு சொன்னா?"

"மோதிரம். முடிச்சப்ப நாலாவது மணியில நின்னுச்சு."

 அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"கண்ணு எப்பலேருந்து மங்குச்சு தெரியுமா? நாப்பது வயசுலன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. பத்தாவதுலேயே எனக்குத் தூரத்துல கண்ணு தெரியாதுடி. வேலைக்கு மெடிக்கல்ல தள்ளிருவாங்கன்னு ஒரு பயலுக்கும் சொல்லலை. உனக்குக்கூடச் சொல்லலை. பலகையில என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளும் நான் பாத்ததில்ல."

"அப்ப எப்படி எண்ணுவ?"

"உன் கட்டவெரலைப் பாத்துத்தான். ஏன் எப்பவும் உன் வலது தோளுக்குப் பின்னாலயே ஓடுனேன்னு நெனைக்கிற? நீ மோதிரத்தைத் தள்ளுனா எனக்கு ஒரு ரவுண்டு. மூணு வருஷமும் அப்படித்தான்."

நான் என் வலது கட்டைவிரலைப் பார்த்தேன். அவள் தொடர்ந்தாள்.

"அன்னிக்குப் பதினாலாவது ரவுண்டுல பஞ்சு குடுத்தேன்ல? கோட்டுக்கிட்ட. நீ வலது கையிலதான் வாங்குன. பிழிஞ்சுக்கிட்டே கோட்டைத் தாண்டுன. மோதிரத்தைத் தள்ளலை. அய்யய்யோ, நம்ம குடுத்த பஞ்சாலல்ல இவ கணக்கு போச்சுன்னு எனக்குத்தான் திக்குன்னு ஆச்சு. அந்த ஒண்ணை நான் மனசுல சேத்துக்கிட்டு, அதுலேருந்து ரவுண்டை நானே எண்ணிக்கிட்டேன். மணி அடிச்சப்ப என் கணக்குல சரியா இருபத்துநாலு முடிஞ்சிருந்துச்சு. இருபத்தஞ்சும் ஓடுனோம்டி. முழுசா ஓடுனோம்."

முழங்கை வழியே தண்ணீர் ஒழுகியது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. பஞ்சை எறிந்துவிட்டு ஈரக் கையைச் சட்டையில் துடைத்ததும், மோதிரம் விரலில் வழுக்கியதும் வந்தது. எல்லாம் உடம்பில் இருந்திருக்கிறது. அவள் கொடுத்த தண்ணீரை நினைத்து முப்பது வருடம் நெஞ்செரிந்தவளுக்கு, அதை எந்தக் கையில் வாங்கினோம் என்று ஒருமுறை யோசிக்கத் தோன்றவில்லை.

"கல்யாணத்துக்கு வராதப்ப, தோத்தவ வூட்டுக்கு எதுக்கு வரணும்னு இருந்துட்டாளேன்னு நான் எம்புட்டு அழுதேன் தெரியுமா?" என்றாள் பர்வீன். குரல் உடைந்தது. "இதுக்காகவா? ஒரு வார்த்தை கேட்டுருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல?"

"பயந்துட்டேன்டி."

"இப்ப வந்து உன் வேலைங்கிற. நான் ஒழுங்கா ஓடி ஒழுங்காத் தோத்தேன்டி. அன்னிக்கு உன்னைப் புடிக்க என் உசிரையே குடுத்தேன், முடியலை. உன் காலு அப்படிப் போச்சு. அந்த ஓட்டத்துக்குத் தோத்தேங்கிறதுதான் எனக்கு இருக்குற ஒரே பெருமை. அதையும் புடுங்கிட்டுப் போயிடாத."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே, "இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

"என்னத்தை?"

"எத்தனை ரவுண்டு?"

"இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு. போதுமா?" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆனா ஒண்ணு, இருபத்தாறு வச்சிருந்தாங்கன்னா உன்னைத் தின்னுருப்பேன்" என்றாள்.

சாயங்காலம் வரை என்னை விடவில்லை. சோறு போட்டாள், திட்டினாள், பேரனைக் கூப்பிட்டு என்னைக் காட்டி, "இவளுக்குத்தான்டா நான் தோத்தேன்" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முப்பத்தாறு பன்னிரண்டை இருபத்தைந்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு எண்பத்தேழு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. மண் தரை, ஒன்பதரை மணி வெயில், மெத்தைப் பஞ்சு. அதை ஓடியவள் நான்தான். பதினொரு வருடம் என்னால் எட்டிப் பிடிக்க முடியாதவளும் நான்தான். சந்தோஷப்படுவதா, வயிற்றெரிச்சல் படுவதா என்று தெரியவில்லை. ஓடிய அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்திருக்கலாமே, அதுதான் ஆறவில்லை.

மறுநாள் காலை பெரம்பலூர் மைதானத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நாற்காலியும் துண்டும் இல்லை. திவ்யா பயிற்சி முடித்துவிட்டு வியர்வையோடு வந்தாள்.

"என்ன மேடம், இவ்வளவு காலையில?"

"அன்னிக்கு என் பெஸ்ட் டைமிங் கேட்டல்ல?"

"ஆமா மேடம். முப்பத்தாறு முப்பத்தொம்பது."

"அது இல்ல" என்றேன்.  "முப்பத்தாறு பன்னெண்டு."

அந்தப் பெண் வாயைப் பிளந்தாள். "எங்க மேடம்? எந்த ஊர்ல?"

"இங்கதான்" என்று கோட்டைக் காட்டினேன்.